ஆலைவீட்டு இஞ்சின்

கரும்புப்பால் ஓடிவரும் தகர ஓடையில் ஒரு கறுப்புத் துளி மிதந்து வந்ததைச் சுருளியாண்டிதான் முதலில் பார்த்தார். பச்சையும் மஞ்சளுமாக நுரைத்துக்கொண்டு போகும் பாலில் மிளகளவு கறுப்பு யார் கண்ணுக்குத் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. துளி தொட்டிக்குள் விழுந்து, மேலே பல நிறங்களில் மெல்லிய ஆடையாக விரிந்தது.

"இஞ்சின நிப்பாட்டுலே" என்றார்.

அடுப்பில் சக்கை தள்ளிக்கொண்டிருந்த அம்மாவாசி எழுந்து ஓடிவந்து நிறுத்தினான். ஆலை முனகிக்கொண்டே நின்றது. அடுத்த கரும்பைச் செருகக் கையை நீட்டியிருந்த பஞ்சம்மாள் அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

"தொட்டிய வாய்க்கால்ல கவுத்து விடு."

"ஆத்தாடி! அம்புட்டுப் பாலையுமாண்ணே?" என்றாள் பஞ்சம்மாள். "மேலாக வழிச்சு எடுத்துட்டா ஆச்சு. கொதிக்கிற கொதியில அது எங்கன இருக்கப் போகுது?"

"உங்க வீட்டுக் கொழம்புல நீ வழிச்சு எடுத்துக்க. இது சாமிக்குப் போறது."

பால் வாய்க்காலில் போனது. அவர் கடைசிச் சொட்டு வடியும்வரை நின்று பார்த்தார்.

தை பிறந்ததும் ஊர் அய்யனாருக்குப் பொங்கல். அதற்கு வேண்டிய வெல்லம் முழுவதும் சுருளியாண்டியின் ஆலையிலிருந்து போகும். அவருடைய அப்பா கொடுத்தார். அதற்கு முன்னால் அவருடைய தாத்தா மாடு கட்டி ஆலை ஓட்டிக் கொடுத்தார். வெல்லம் கொண்டுவரும் கைக்குத்தான் கோயிலில் முதல் பரிவட்டம். மார்க்கையன்கோட்டைப் பக்கம் யாரிடம் ஆலைவீடு என்று சொன்னாலும் விரலை நீட்டி வழி காட்டுவார்கள். இப்போது ஊருக்குள் வேறு ஆலைகளும் வந்துவிட்டன. மருந்துத்தூள் போட்டுத் தங்கம்போல மினுங்குகிற வெல்லம் காய்ச்சுகிறார்கள். ஆலைவீட்டு வெல்லம் கறுத்துத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒரு குற்றம் என்று இதுவரை ஒரு நாக்கும் சொன்னதில்லை. எண்ணெய் வாடை என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், சந்தை முழுக்க அது பரவிவிடும். பிறகு பரிவட்டம் கட்ட வரும் கையும் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தைப் பார்க்க அவர் உயிரோடு இருக்க விரும்பவில்லை.

துளி வந்த வழியை அவரே கண்டுபிடித்தார். இஞ்சினின் பெரிய சக்கரத்துக்குப் பின்னால், அச்சு வெளியே வரும் இடத்தில், எண்ணெய் கசிந்து வழிந்திருந்தது. சுற்றுகிற சக்கரம் அதை வாரி பெல்ட்டின்மேல் அடித்திருக்கிறது. பெல்ட் அதை ஆலைவரை சுமந்துபோய்ப் பாலில் உதறியிருக்கிறது.

சின்னமனூருக்குப் போன் போட்டார்.

முத்துராஜா அங்கே பட்டறை வைத்திருப்பவன். டிராக்டரும் இஞ்சினும் பார்ப்பான். தூரத்து முறையில் சுருளியாண்டிக்கு மாப்பிள்ளை ஆகவேண்டும். அதனால் வாய் கொஞ்சம் நீளம். பைக்கை நிறுத்திவிட்டு, கொட்டகைக்குள் நுழையும்போதே இஞ்சினைப் பார்த்து ஆரம்பித்துவிட்டான்.

"என்ன மாமா, கெழவி வெத்தலையப் போட்டுட்டுக் கண்ட எடத்துலயும் துப்புறாளாமே?"

"கெழவின்னு சொல்லாதே. எங்க அப்பா கூட்டிட்டு வந்த மகாலச்சுமி."

"மகாலச்சுமிக்கும் வயசாகும்ல?" அவன் குனிந்து, சக்கரத்தின் பின்னால் விரலை விட்டு எடுத்துப் பார்த்தான். "ஆயில் சீல் போயிருச்சு மாமா. எண்ணெயத் தடுக்குற ரப்பர் வளையம் காஞ்சு போயிருக்கும். வெளிய எடுத்தாத் தெரியும்."

பெல்ட்டைக் கழற்றினான். அச்சில் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்த ஆப்பைத் தட்டி எடுத்தான். சங்கிலியைக் கொட்டகை உத்தரத்தில் மாட்டி, அம்மாவாசியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, சக்கரத்தை இம்மி இம்மியாக வெளியே இழுத்தான். பேச்சு மட்டும் நிற்கவில்லை. இந்தச் சக்கரத்தின் கனத்துக்கு இப்போது வருகிற இஞ்சின்களில் மூன்று செய்துவிடலாம் என்றான். கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் தன்னை விமானத்துக்கே மெக்கானிக்காகப் போகச் சொன்னதாகச் சொன்னான். "போயிருக்கலாம்ல" என்றார் சுருளியாண்டி. "போனா உங்க மகாலச்சுமிய யாரு பாக்குறது மாமா?" என்றான்.

சக்கரம் வெளியே வந்ததும் துணியால் இஞ்சினைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இஞ்சினின் வயிற்றுப் பக்கத்துக்கு வந்தான். அங்கே வட்டமாகப் புடைத்த ஒரு மூடி இருந்தது. மூடி என்று சொன்னால்தான் தெரியும். வெளியே தெரிந்தது சந்தனம் மட்டுமே. காலையில் இஞ்சினைக் கிளப்பும் முன் சுருளியாண்டி மூன்று விரலால் சந்தனம் எடுத்து அந்த வட்டத்தில் பூசி, நடுவில் குங்குமம் வைப்பார். இஞ்சினில் முகம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான் நெற்றி என்று அவருடைய அப்பா முடிவு செய்திருந்தார். பூசியது காய, காய்ந்ததன்மேல் பூச, அது கரையான் புற்றுபோலக் கெட்டித்துக் கிடந்தது.

முத்துராஜா ஸ்பேனரின் முனையை அதில் வைத்தான்.

"அங்கன கை வைக்காதே."

"இல்ல மாமா, கூடு கட்டியிருக்கே. சுரண்டிட்டுப் புதுசா வச்சா அழகா இருக்கும்."

"அடியில இருக்கறது எங்க அப்பா வச்ச சந்தனம். உன்னைய சீலு மாத்தத்தான் கூப்பிட்டேன்."

அவன் ஸ்பேனரை எடுத்துவிட்டான். விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பழைய சீல் நெம்பியதும் இரண்டாக உடைந்து வந்தது. காய்ந்த அப்பளம்போல விறைத்திருந்தது. அச்சை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பள்ளம் விழவில்லை என்று நகத்தால் தடவிச் சொன்னான். புதிய சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, மரக்கட்டையை வைத்து, சுற்றிச் சுற்றி ஒரே அளவாகத் தட்டி உட்கார வைத்தான். ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்தினால் கோணிக்கொள்ளும் என்றான். அந்த நேரத்தில் மட்டும் அவன் பேசவில்லை. சுருளியாண்டிக்கு அது பிடித்திருந்தது.

சக்கரம் ஏறியது. பெல்ட் ஏறியது. இஞ்சின் கிளம்பியது. சீல் இருந்த இடம் காய்ந்த தரைபோலச் சுத்தமாக இருந்தது.

"எப்புடி?" என்றான் முத்துராஜா.

"கெளம்பிராதே. கொஞ்சம் ஓடட்டும்" என்றார்.

அந்தச் சமயத்தில் ஒச்சாண்டி வந்தார். கோயில் பெரியதனம் அவர்தான். பொங்கலுக்கு வெல்லம் எப்போது தயாராகும் என்று கேட்க வந்தவருடன் ஊர்க்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். எல்லாரும் கரும்புப்பால் குடித்துக்கொண்டு, இந்த வருடத்து மழையையும் அணைத் தண்ணீரையும் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள்.

சுருளியாண்டி பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவர் கண் சக்கரத்துக்குப் பின்னாலேயே இருந்தது. ஒரு மினுக்கம் தெரிந்தது. அது திரண்டது. பிறகு வழிந்தது.

"நிப்பாட்டு" என்றார். இந்த முறை குரல் உயரவே இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "என்ன சீல்ப்பா அது?"

முத்துராஜா குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. "நல்ல சீலுதான் மாமா. கம்பெனி சீலு. ஏன்னு தெரியல..."

"கம்பெனி சீலு அரைமணி நேரத்துல ஒழுகுமோ? டூப்ளிகேட் மாலப் போட்டு ஆலைவீட்டையே ஏமாத்தலாம்னு பாத்தியோ?"

பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பால் குடித்த டம்ளரைப் பஞ்சம்மாளிடம் நீட்டிய ஒருவர் அப்படியே கையில் வைத்திருந்தார்.

"மாமா, கேலி பேசுவேன். களவு பண்ண மாட்டேன்" என்றான் முத்துராஜா.

"நான் கண்ணால கண்டதச் சொல்றேன்."

"சரி. தேனிக்குப் போயி வேற கடையில வேற சீலு வாங்கியாறேன். பெட்டியோட உங்க கையில தர்றேன். நீங்களே பிரிங்க."

அப்படியே செய்தான். வெயில் தாழத் திரும்பிவந்து, பிரிக்காத பெட்டியை அவர் கையில் கொடுத்தான். அவர் பிரித்துக் கொடுத்தார். மறுபடியும் சங்கிலி, மறுபடியும் சக்கரம். ஒரு கேலியும் இல்லை. வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காலையில் நல்ல நேரம் பார்த்துக் கிளப்பிக்கொள்வதாகச் சுருளியாண்டி சொன்னார். காப்பி கொண்டுவரச் சொல்கிறேன் என்றும் சொன்னார். "வேணாம் மாமா" என்று சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் விடிந்து அவர் சந்தனக் கிண்ணத்தோடு கொட்டகைக்கு வந்தபோது இஞ்சின் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் மருமகள் யுவராணி நின்றாள். கையில் டீசல் வாளியும் பழைய பல் துலக்கும் பிரஷும். மகன் சுரேஷ்கண்ணனுக்குத் தேனியில் வேலை. ஆலையில் ஆள் கூப்பிடுவதிலிருந்து கரும்பு வெட்டு நாள் குறிப்பதுவரை இவள்தான் பார்ப்பது. போகிக்கு வீட்டைக் கழுவியவள் இஞ்சினையும் கழுவிவிட்டிருந்தாள். வட்டத்தில் சந்தனம் இல்லை.

"என்னத்தா செஞ்சு வச்சிருக்க? அதச் சுரண்டச் சொன்னது யாரு? மகாலச்சுமிய வெறும் நெத்தியோட நிப்பாட்டியிருக்கியே!"

"புதுச் சந்தனம் அரைச்சு வச்சிருக்கேன் மாமா. இது கரண்டி கனத்துக்கு இருந்துச்சு. பாதி எண்ணெ ஊறிப் போயி நாறுது. அரிவா முனையால பேத்து எடுத்தேன்." அவள் பயப்படவில்லை. "அடியில பித்தளை மூடி ஒண்ணு இருக்கு, ஓட்ட ஓட்டையா. உள்ள காத்தாடித் தகடு கணக்கா ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சு. கழுவி மாட்டிட்டேன். அது என்ன மாமா?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் இல்லை. கோபத்தில் சந்தனத்தைப் பூச மறந்து கைப்பிடியைச் சுற்றினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

பித்தளை மூடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டப், டப், டப் என்று, குழந்தை உதட்டைச் சேர்த்துப் பிரிப்பதுபோல. அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். அப்பா இந்த இஞ்சினை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கிய புதிதில் கேட்டது. பிறகு எப்போது நின்றது என்று நினைவில்லை. அவர் உள்ளங்கையை மூடிக்கு நேரே பிடித்தார். வெதுவெதுப்பாகக் காற்று வந்து கையில் மோதியது. ஒவ்வொரு டப்புக்கும் ஒரு மோதல்.

இஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சக்கரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். ஈரமில்லை. வெகுநேரம் நின்று பார்த்தார். ஈரமே இல்லை. திரும்பி வந்து, கட்டைவிரலை ஓட்டைகளின்மேல் அழுத்தி மூடினார். உள்ளேயிருந்து விரலை ஏதோ தள்ளியது. அவர் விடவில்லை.

"யுவராணி, அங்கன பின்னால பாரு."

அவள் பார்த்தாள். சற்று நேரத்தில், "வருது மாமா. எண்ணெ வருது" என்றாள்.

விரலை எடுத்தார். "இப்ப?"

"நின்னுருச்சு."

இன்னொரு முறை அடைத்துப் பார்த்தார். வந்தது. எடுத்தார். நின்றது. விரல் நுனி சிவந்து கருத்திருந்தது. உள்ளே அடைபட்ட காற்று போக வழியில்லாமல், இருப்பதிலேயே மெல்லிய இடத்தைப் பார்த்து எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. அப்படியானால் எந்தச் சீலைப் போட்டாலும் ஒழுகத்தான் செய்திருக்கும்.

யுவராணி வாளியை எடுத்துக்கொண்டாள். "அப்ப அந்த அண்ணன் போட்ட மொத சீலும் நல்ல சீலுதான் மாமா" என்றாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கு அப்படி வருகிறது என்பதுபோலச் சொன்னாள்.

அவர் சந்தனத்தை டீசல் டேங்கின் நெற்றியில் பூசினார்.

அன்று ஆலை நன்றாக ஓடியது. கொப்பரையில் பால் கொதித்து, அழுக்கு மேலே கட்டி வர, அம்மாவாசி வலைக்கரண்டியால் எடுத்து எடுத்துப் போட்டான். பாகு பதம் வந்து மரத்தொட்டியில் ஊற்றியபோது கொட்டகை முழுக்க மணத்தது. ஒச்சாண்டி அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். சூடான வெல்லத்தை ஒரு விரல் வழித்து நாக்கில் வைத்தார்.

"ஆலைவீடு ஆலைவீடுதான்! இப்ப ஒழுகலயா?"

"இல்ல."

"எப்புடி ஒழுகும்? நீங்க போட்ட போடு அப்புடி. ஒரிஜினலக் கொண்டாந்து மாட்டிட்டான் பாத்தீகளா? உங்க கண்ணுல மண்ணத் தூவ முடியுமா? நான் நம்மாளுக எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அவன் பட்டறைப் பக்கம் இனி ஒருத்தரும் வண்டியக் கொண்டு போகக் கூடாதுன்னு."

பாகைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாவாசி, "அண்ணே கண்ணு சும்மாவா?" என்று சேர்த்துக்கொண்டான். ஒச்சாண்டி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் விஷயம். ஊர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அந்த முடிவில் ஆலைவீட்டின் தலை முன்னைவிட ஒரு முழம் உயர்ந்திருந்தது. உண்மை தெரிந்தது அவருக்கும் மருமகளுக்கும்தான். அவள் வெளியே சொல்ல மாட்டாள்; அந்த வீட்டில் வாழ வந்தவள். அவர் பேசாமல் இருந்தால் போதும். சொன்னாலோ, சாமிக்கு வெல்லம் காய்ச்சுகிற இஞ்சினின் மூச்சைத் தகப்பனும் மகனும் சேர்ந்து அடைத்துவைத்த கதை ஊர்ச் சிரிப்பாகும்.

மதியம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். கொடுக்காத மரியாதையை அவர் என்றும் கேட்டு வாங்கியதில்லை. இப்போது அடுத்தவனுடைய பேரை அறுத்துத் தன் பேரில் ஒட்டுப் போட்டுக்கொண்டு கோயிலில் போய் நிற்க வேண்டும். அய்யனார் முன்னால் அதைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும். அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தார். முதலில் திட்டியிருப்பார். பிறகு சட்டையைப் போட்டிருப்பார்.

சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "யுவராணி, சின்னமனூருக்கு பஸ்ஸு எப்ப?"

"இப்பத்தான் போச்சு. நான் வண்டிய எடுக்கவா மாமா?"

அன்றுவரை மருமகள் ஸ்கூட்டரில் அவர் ஏறியதில்லை. ஏறினார். எதையும் பிடித்துக்கொள்ளாமல், துண்டு காற்றில் பறக்க, குச்சனூர் ரோட்டில் எதிரே வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்க, பின்னால் நட்டு வைத்ததுபோல உட்கார்ந்து போனார்.

பட்டறையில் முத்துராஜா கைகால் கழுவிவிட்டு எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தான். முதலில் போட்டுக் கழற்றிய சீல் ஒரு தாளில் பொதிந்து சட்டைப் பையில் இருந்தது.

"வாங்க மாமா" என்றான், சிரிக்காமல். "நீங்க சொன்னதுதான் சரி. ரெண்டாவது சீலு ஒழுகலையாம்ல, ஒச்சாண்டியாரு போன் போட்டுக் கேவலமாப் பேசுனாக. எனக்கே டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டாங்கெ. தேனிக்குத்தான் கெளம்பிட்டேன். மொத சீலு வாங்குன கடையில ஏறி நாலு பேரு பாக்க நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுட்டு வாறேன்."

"போகாதே."

"ஏன் மாமா?"

சொன்னார். சந்தனத்தில் ஆரம்பித்து, பித்தளை மூடி, கட்டைவிரல், வந்த எண்ணெய், நின்ற எண்ணெய் என்று வரிசையாகச் சொன்னார். குரலில் இறக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை. முத்துராஜா கேட்டுக்கொண்டே நின்றவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"பிரீதர்! அது பிரீதர் மாமா, இஞ்சின் மூச்சு விடுற மூடி! எந்த இஞ்சின் ஒழுகுனாலும் மொதல்ல அதப் பாக்கணும். எனக்குத் தெரியும், சாமி மேல கை வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

"நான்தான் வைக்கக் கூடாதுன்னேன்."

"ஆமா, நீங்கதான் சொன்னீக." அவன் முகம் இறுகியது. "இத இங்கன வந்து என் காதுல சொல்றீக. நேத்து ஊரையே வச்சுக்கிட்டில்ல சொன்னீக."

"அதுக்குத்தான் கூப்புட வந்தேன். நாளைக்குக் கோயிலுக்கு வா."

"எனக்கு வேலை கெடக்கு மாமா."

"அப்ப நான் இங்கனயே இருக்கேன். உன் வேலை முடியட்டும்."

பட்டறையில் கிரீஸ் படிந்த ஒரு ஸ்டூல் இருந்தது. வெள்ளை வேட்டியோடு அதில் உட்கார்ந்தார். டிராக்டர் விடவந்தவர் ஒருவர் அவரைக் கண்டு கும்பிட்டார். அவரும் கும்பிட்டார். முத்துராஜா ஒரு போல்ட்டை முடுக்கினான், கழற்றினான், மறுபடி முடுக்கினான். கடைசியில், "வேட்டி பாழாகுது, எந்திரிங்க மாமா. வாறேன்" என்றான்.

மறுநாள் கோயிலில் பொங்கல் பானைகள் வரிசையாகக் காத்திருந்தன. வெல்லக் கூடைகள் வந்து இறங்கின. ஒச்சாண்டி சிவப்புப் பரிவட்டத்தை மடித்து, சுருளியாண்டியின் தலைக்குக் கொண்டுபோனார்.

"கட்டுறதுக்கு முந்தி ஒரு பேச்சு" என்றார் சுருளியாண்டி.

சத்தம் அடங்கியது. வேப்பமரத்தடியில் முத்துராஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு ஆலையில வச்சு நான் முத்துராஜாவ டூப்ளிகேட் போட்டான்னு சொன்னேன். அது பொய்யி. அவன் போட்டது ரெண்டும் நல்ல சீலு. இஞ்சின் மூச்சு விடுற ஓட்டைய எங்க வீட்டுச் சந்தனம் அடைச்சிருந்துச்சு. அதான் ஒழுகுச்சு. அதச் சுரண்ட வந்தவன் கையவும் நான்தான் தடுத்தேன். தப்பு எங்க வீட்டோடது."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பின்வரிசையில் யாருக்கோ முதலில் புரிந்தது. ஒரு சிரிப்பு கிளம்பி, மெல்லப் பரவி, பெண்கள் பக்கம் போய்ப் பெரிதாகியது. "இஞ்சினுக்கு மூக்கடைப்பாம்ல!" என்றது ஒரு குரல். "தைலம் தடவியிருந்தா சரியாப் போயிருக்கும்" என்றது இன்னொன்று.

ஒச்சாண்டி அவர் காதருகே குனிந்தார். "இதெல்லாம் வீட்டோட வச்சுக்கிறப்படாதாண்ணே?"

"நான் வீட்டோட வச்சுத் திட்டலையே."

"அப்ப சாமி வெல்லத்துல எண்ணெ கலந்திருக்குமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சிரிப்பு நின்றது. சுருளியாண்டி இந்தக் கேள்விக்குத்தான் இரவெல்லாம் பயந்திருந்தார். கேள்வி வந்ததும் பயம் போய்விட்டது.

"பால்ல ஒரு சொட்டு விழுந்துச்சு. பாத்ததும் தொட்டியோட வாய்க்கால்ல விட்டேன். இந்தக் கூடையில இருக்கறது இஞ்சின் சரியானப்பறம் காச்சுனது. சந்தேகம் இருக்கறவுக தின்னு பாருங்க. பொங்கலுக்கு ஆகாதுன்னு ஊரு சொன்னா வெல்லத்தத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன். துணிய வேற தலைக்குக் கட்டிக்கங்க."

"அம்புட்டுப் பாலையும் கவுத்தாக! எனக்கே வயிறு எரிஞ்சு போச்சு" என்று பஞ்சம்மாள் எட்டத்திலிருந்து கத்தினாள்.

கேட்டவர் கூடையிலிருந்து ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டார். ஊரே அவர் தாடையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் விழுங்கிவிட்டு, இன்னொரு துண்டை எடுத்துப் பேரனிடம் கொடுத்தார். ஒச்சாண்டி பரிவட்டத்தைக் கட்டினார். கை தயங்கியதா என்று சுருளியாண்டி கவனிக்கவில்லை. அப்போது அவர் பார்த்தது வேப்பமரத்தடியை.

பானைகள் பொங்கிக் குலவைச் சத்தம் எழுந்தபோது முத்துராஜா அவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். இரண்டு டிராக்டர்காரர்கள் அதற்குள் அவனிடம் நாள் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றான். பழைய வாய் திரும்பியிருந்தது. "இனிமே பட்டறைக்கு எந்த இஞ்சின் வந்தாலும் இந்தக் கதையச் சொல்லித்தான் பிரீதரத் தொறப்பேன். கம்பத்துல இருந்து ஆண்டிபட்டி வரைக்கும் போயிரும். வேணும்னா பேர மறைச்சுக்கிறேன். மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு பெரியவருன்னு சொல்லிக்கிறேன்."

சுருளியாண்டி பரிவட்டத்தை நேராக்கிக்கொண்டார்.

"ஒரு பெரியவருன்னா எவன்னு நெனைப்பான்? பக்கத்து ஆலைக்காரனையும் நெனைப்பான். சொல்றதுன்னா ஆலைவீட்டுச் சுருளியாண்டின்னே சொல்லு."